கஞ்சியில் பிறந்த மணிமாலை

கூடுவாஞ்சேரித் தம்பி தங்கைகளே, வாருங்கள், வாருங்கள்! ஊரப்பாக்கத்துப் பிள்ளைகள், பொத்தேரிப் பிள்ளைகள், தாம்பரத்துப் பிள்ளைகள் எல்லோரும் வந்தாச்சா? நல்லது. சம்மணம் போட்டு உட்காருங்கள்.

இன்றைக்கு நமக்கு இரண்டு வேலை. முதலில் அரிசி வேகவைக்கப் போகிறோம். அப்புறம் கழுத்தில் போட்டுக்கொள்ள ஒரு மணிமாலை கோக்கப் போகிறோம்.

"சோற்றுக்கும் மாலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறாயா? சபாஷ்! கேள்வி கேட்கிற பிள்ளையைக் கண்டாலே எனக்குத் தனிப் பிரியம். பதிலை நானே சொல்லிவிட்டால் உனக்கு வேலை இருக்காது. அதனால் ஒரு துப்பு மட்டும் தருகிறேன். தண்ணீர் எப்போது உள்ளே போகிறது, எப்போது வெளியே வருகிறது? இதை மட்டும் கண்ணை எடுக்காமல் கவனித்துக்கொண்டே வா.

அடுப்பு வேலை வருகிற இடத்தில் அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா யாராவது ஒருவர் உன் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆவி கையில் பட்டால் கொதிக்கிற தண்ணீரை விடக் கொடுமையாகச் சுட்டுவிடும். சரியா? சரி.

முதல் வேலை. வீட்டில் பச்சரிசி இருக்கிறதா? நாலு மணி எடு. ரேஷன் கடைப் புழுங்கலரிசியிலும் நாலு மணி எடு. இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஜன்னல் ஓரத்துக்குப் போ.

என்ன தெரிகிறது? பச்சரிசி வெள்ளை வெளேரென்று இருக்கும். வெளிச்சத்தை உள்ளே விடாது. புழுங்கலரிசியில் லேசாக மஞ்சள் ஓடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் கொஞ்சம் ஊடுருவித் தெரியும். கடித்துப் பார்த்தால் பச்சரிசி மாவாக உடையும். புழுங்கல் பல்லுக்கு எதிர்த்து நிற்கும்.

இரண்டும் நெல்லிலிருந்து வந்தவைதானே, பிறகு ஏன் இந்த வித்தியாசம்? இந்தக் கேள்வியை ஒரு காகிதத்தில் எழுதி வை. கொஞ்ச நேரத்தில் திரும்பி வருகிறேன்.

அரிசிக்குள் பெரும்பாலும் இருப்பது மாவுச்சத்து. ஸ்டார்ச் என்று உங்கள் அறிவியல் டீச்சர் சொல்லியிருப்பார். அது மிக மிகச் சிறிய துகள்களாக அடைந்து கிடக்கிறது. எவ்வளவு சிறியது என்றால், உன் அளவுகோலில் ஒரு மில்லிமீட்டர் இடத்துக்குள் ஏறக்குறைய 200 துகள்களை வரிசையாக அடுக்கிவிடலாம். ஒவ்வொரு துகளுக்குள்ளும் குளுக்கோஸ் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீளமான சங்கிலிகளாக நிற்கின்றன. நேராக ஓடும் சங்கிலிக்கு அமைலோஸ் என்று பெயர். கிளை விட்டுப் பரவும் சங்கிலிக்கு அமைலோபெக்டின். பெயர் மறந்துபோனாலும் பரவாயில்லை. சங்கிலி என்பது மனதில் நின்றால் போதும்.

பச்சைத் தண்ணீரில் அரிசியை ஊறவைத்தால் கொஞ்சம் தண்ணீர் உள்ளே போகும். ஆனால் சோறாகாது. ஏன்?

உன் வகுப்பறையை நினைத்துக்கொள். கடைசி பீரியட். பெஞ்சு பெஞ்சாகப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் வெளியாள் ஒருவர் நுழைய முடியுமா? முடியாது. நீளமாக மணி அடிக்கிறது. அவ்வளவுதான், எல்லோரும் எழுந்து கலைந்து ஆளுக்கொரு பக்கம் ஓடுகிறார்கள். இப்போது யார் வேண்டுமானாலும் நடுவில் புகுந்து போகலாம். அரிசிக்குள் அந்த மணியை அடிப்பது சூடு. தண்ணீர் ஏறக்குறைய 65 முதல் 75 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும்போது மாவுச்சத்துச் சங்கிலிகள் ஆட்டம் கண்டு, கட்டு தளர்ந்து, பிரிகின்றன. அந்த இடைவெளியில் தண்ணீர் புகுந்து உட்கார்ந்துகொள்கிறது. துகள் உப்புகிறது. அரிசி சோறாகிறது.

புரிந்ததா? எங்கே, உன் தங்கைக்கு ஒருமுறை சொல்லிக் காட்டு பார்க்கலாம். அவளுக்குப் புரிந்தால் உனக்கும் புரிந்ததாக அர்த்தம்.

உள்ளே போன தண்ணீரை எடைபோட்டே பார்க்கலாம். வீட்டில் சின்ன தராசு இருந்தால் 100 கிராம் அரிசியை நிறுத்து எடு. வேகவைத்து, கஞ்சி வடித்து, சோற்றை நிறுத்துப் பார். 250 முதல் 300 கிராம் வரை காட்டும். அரிசி வளரவில்லை, கண்ணு. கூடுதலாக வந்தது முழுக்கத் தண்ணீர். நாம் சாப்பிடும் சோற்றில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவாக இருப்பது தண்ணீர்தான்!

நம் ஊர் கடல் மட்டத்தை ஒட்டியே இருப்பதால் இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கொடைக்கானலில் இருக்கும் உன் வயதுப் பிள்ளைக்கு அந்த வசதி இல்லை. 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் குறைவு. தண்ணீர் 93 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு எரித்தாலும் சூடு ஏறாது. அதனால் சோறு வேக நேரம் பிடிக்கும். பிரஷர் குக்கர் இதற்கு நேர்மாறு. ஆவியை அடைத்து வைத்து அழுத்தத்தைக் கூட்டுவதால் உள்ளே 120 டிகிரி வரை ஏறும்.

ஒரு சின்னப் போட்டி வைக்கலாமா? ஒரு அடுப்பில் சாமை, இன்னொரு அடுப்பில் புழுங்கலரிசி. இரண்டையும் ஒரே நேரத்தில் கொதிக்கிற தண்ணீரில் போடு. எது முதலில் வேகும்? போடும் முன்பே உன் ஊகத்தை எழுதிவிடு. விஞ்ஞானிகள் அப்படித்தான் செய்வார்கள். சாமைதான் ஜெயிக்கும். மணி சின்னது. வெளியிலிருந்து நடுப்பகுதி வரை தண்ணீர் நடக்க வேண்டிய தூரம் குறைவு. ஆனால் முழுக் கம்பை இந்தப் போட்டியில் இறக்கினால் சின்ன மணியாக இருந்தும் தோற்றுப்போகும். அதன் தவிட்டுத் தோல் தண்ணீரை எளிதில் விடாது. கம்பஞ்சோறு ஆக்கும் பாட்டிகள் முதலில் கம்பைத் தண்ணீர் தெளித்து உரலில் இடித்துத் தோல் நீக்குவது அதனால்தான்.

இப்போது காகிதத்தில் எழுதி வைத்த கேள்விக்கு வருவோம்.

புழுங்கலரிசியை யாரோ ஏற்கெனவே ஒருமுறை வேகவைத்துவிட்டார்கள்! ஆமாம். நெல்லாக இருக்கும்போதே, உமியோடு சேர்த்து ஊறவைத்து, ஆவியில் அவித்து, வெயிலில் உலர்த்தி, பிறகுதான் அரைக்கிறார்கள். அவிக்கும்போது தண்ணீர் உள்ளே போய் மாவுச்சத்துச் சங்கிலிகள் கலைந்தன. உலர்த்தும்போது தண்ணீர் வெளியேறியது. கலைந்த சங்கிலிகள் இடைவெளி இல்லாமல் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிவிட்டன. அதனால்தான் வெளிச்சம் ஊடுருவுகிறது. அதனால்தான் பல்லுக்கு எதிர்த்து நிற்கிறது. தண்ணீர் உள்ளே போனால் மென்மை, வெளியே வந்தால் உறுதி. துப்பு நினைவிருக்கிறதா?

இப்படி அவிப்பதில் இன்னொரு நன்மையும் நடக்கிறது. தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமின் தண்ணீரோடு சேர்ந்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தவிட்டைத் தீட்டி எடுத்தாலும் அதில் ஒரு பங்கு அரிசியிலேயே தங்கிவிடும். 1890களில் ஜாவா தீவில் கிறிஸ்டியான் ஐக்மன் என்ற டச்சு மருத்துவர் இருந்தார். வெள்ளை வெளேரென்று தீட்டிய அரிசியை மட்டுமே தின்ற கோழிகள் கால் துவண்டு விழுவதை அவர் கவனித்தார். தவிடு போகாத அரிசியைப் போட்டதும் அவை எழுந்து நடந்தன. பெரிபெரி என்னும் நோயின் மர்மம் அங்கிருந்துதான் அவிழத் தொடங்கியது. 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கோழிக் கூட்டை உற்றுப் பார்த்ததற்குக் கிடைத்த பரிசு!

மாவுச்சத்து இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. காயத்துக்குப் போடும் பீட்டாடின் மருந்தில் அயோடின் இருக்கிறது. ஒரு கரண்டி தண்ணீரில் அதை ஒரு சொட்டு விட்டுக் கலக்கு. அந்தக் கலவையைச் சோற்றின் மேல் ஒரு சொட்டு, உருளைக்கிழங்குத் துண்டின் மேல் ஒரு சொட்டு, சர்க்கரையின் மேல் ஒரு சொட்டு விடு. சோறும் கிழங்கும் கருநீலமாகும். சர்க்கரை நீலமாகாது. அமைலோஸ் சங்கிலி சுருள் சுருளாக நிற்கிறது. அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்கார்ந்ததும் நீலம் பிறக்கிறது. நீர்த்த கஞ்சியில் இந்த நீலத்தை உண்டாக்கி, டம்ளரோடு வெந்நீரில் வைத்துப் பார். நிறம் மங்கிப்போகும். ஆறவிட்டால் திரும்ப வரும். அயோடின் பட்ட எதையும் வாயில் வைக்கக் கூடாது. குப்பையில் கொட்டிவிட்டுக் கை கழுவு.

சோற்றுக் கதை போதும். வா, மாலைக்குப் போவோம்.

மாலைக்கு மணி வேண்டும். கடைக்குப் போக வேண்டாம். போன வருஷத்து மாதக் காலண்டர் சுவரில் தொங்குகிறதா? அந்த வழவழப்புத் தாள்தான் நம் மூலப்பொருள். ஒட்டுவதற்குப் பசை வேண்டும். அதையும் நாமே காய்ச்சுவோம்.

இரண்டு மேசைக்கரண்டி பச்சரிசி மாவை ஒரு சின்னப் பாத்திரத்தில் போடு. ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரை. சின்னத் தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே இரு. முதலில் ஒன்றுமே நடக்காது. பால் நிறத் தண்ணீராகவே சுற்றிவரும். "இது எப்போது பசையாகும்?" என்று சலிப்பு வரும். கையை நிறுத்தாதே! திடீரென்று கரண்டி கனக்கும். வெள்ளை நிறம் மங்கி, பளபளப்பு வரும். அந்த நொடியில்தான் துகள்கள் உப்பின. இன்னும் இரண்டு நிமிஷம் கிளறி இறக்கி வை.

இங்கே நிறுத்தி ஒரு கேள்வி. கொதிக்கிற வெந்நீரில் நேராக மாவைக் கொட்டினால் சீக்கிரம் ஆகிவிடுமே, ஏன் பச்சைத் தண்ணீரில் கரைக்கச் சொன்னேன்?

யோசி. அவசரமில்லை.

கொட்டிய மாவு வெந்நீரில் உருண்டை உருண்டையாக விழும். உருண்டையின் வெளிப்பக்கத் துகள்கள் உடனே உப்பிப் பசையாகிக் கதவைச் சாத்திவிடும். உள்ளே இருக்கும் மாவுக்குத் தண்ணீரே போகாது. அதைத்தான் வீட்டில் "கட்டி தட்டிப்போச்சு" என்கிறோம். ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார், நடுவில் உலர்ந்த மாவு அப்படியே இருக்கும். பாட்டி கேழ்வரகுக் களி கிண்டும்போது கொஞ்சம் மாவைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் கரைத்து முதலில் ஊற்றுவதைக் கவனித்திருக்கிறாயா? அடுத்த முறை பார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று அவரிடம் கேள். உனக்குத் தெரிந்த காரணத்தையும் சொல்.

புத்தகம் பைண்டு செய்பவர்கள் பசை கெடாமல் இருக்கவும் பூச்சி அரிக்காமல் இருக்கவும் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. அது நஞ்சு. நமக்கு வேண்டவே வேண்டாம். நம் பசை இரண்டு நாளைக்குத் தாங்கும். அது போதும்.

அரிசிப் பசை காகிதத்தை ஏன் இவ்வளவு நன்றாகப் பிடித்துக்கொள்கிறது தெரியுமா? இருவரும் உறவுக்காரர்கள்! காகிதம் செல்லுலோஸால் ஆனது. செல்லுலோஸும் குளுக்கோஸ் சங்கிலிதான். இணைந்திருக்கும் விதம் மட்டும் வேறு. அந்தச் சின்ன வித்தியாசத்தால் நம் வயிறு சோற்றைச் செரிக்கிறது, காகிதத்தைச் செரிப்பதில்லை. மாட்டின் வயிற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கு இரண்டையும் உடைக்கத் தெரியும். ஜி.எஸ்.டி. சாலையோரத்துச் சுவரில் புதிதாக ஒட்டிய போஸ்டரை மாடு உரித்துத் தின்பதைப் பார்த்திருப்பாய். பசையிலும் மாவுச்சத்து, தாளிலும் குளுக்கோஸ். அதற்கு அது தீனி. ஆனால் அச்சு மையும், இப்போது வரும் பிளாஸ்டிக் போஸ்டரும் அதன் வயிற்றுக்கு ஆகாது. பார்த்தால் மாட்டை விரட்டிவிட்டு நாலு கீரைத்தண்டு போடு.

பசை ஆறிவிட்டதா? காலண்டர் தாளில் நீளமான முக்கோணங்கள் வரைந்துகொள். அடிப்பக்கம் 2 செ.மீ., நீளம் 25 செ.மீ. வெட்டி எடு. துடைப்பத்திலிருந்து ஒரு தென்னை ஈர்க்கு உருவிக்கொள். முக்கோணத்தின் அகலமான பக்கத்தை ஈர்க்கின் மேல் வைத்து ஒரு சுற்றுச் சுற்று. இந்த முதல் சுற்றில் பசை தடவாதே, தடவினால் மணி ஈர்க்கோடு ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு மெல்லிசாகப் பசை தடவித் தடவி, இறுக்கமாக, நடு விலகாமல் உருட்டிக்கொண்டே போ. கடைசியில் கூர்முனை மணியின் நடுவயிற்றில் வந்து படியும். மெதுவாக ஈர்க்கை உருவு. இரண்டு பக்கமும் ஒடுங்கி நடுவில் பருத்த அழகான மணி!

முதல் மணி கோணலாகத்தான் வரும். அதையும் எடுத்து வை. மாலையில் அதற்கும் இடமுண்டு.

ஆறாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணியின் நடுவயிறு எவ்வளவு பருமன் இருக்கும்? தாளின் தடிமன் 0.1 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 250 மி.மீ. நீளத் தாளைப் பக்கவாட்டில் பார்த்தால் 250 x 0.1 = 25 சதுர மி.மீ. பரப்பு. சுருட்டினாலும் அந்தப் பரப்பு எங்கேயும் போகாது, வட்டமாக மாறும், அவ்வளவுதான். நடுவில் ஈர்க்கு விட்ட 2 மி.மீ. துளையையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் மணியின் குறுக்களவு 6 மி.மீ. வரும். சரி, தாளை இரண்டு மடங்கு, 50 செ.மீ. நீளமாக வெட்டினால்? 12 மி.மீ. என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? கிடையாது. 8 மி.மீ.தான் வரும்! வெளியே போகப் போக ஒவ்வொரு சுற்றும் பெரிதாகிறது. ஒரே ஒரு சுற்றுக்கே நிறையத் தாள் தின்கிறது. இரண்டு அளவிலும் ஒவ்வொரு மணி செய்து அளவுகோலை வைத்துப் பார், நம் கணக்கு எவ்வளவு சரி என்று தெரியும்.

மணிகளை நிழலில் ஒரு நாள் உலரவிடு. பசையிலிருந்த தண்ணீர் ஆவியாகிப் போகும். மாவுச்சத்துச் சங்கிலியும் காகிதச் சங்கிலியும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மறுநாள் தரையில் போட்டால் டக்கென்று சத்தம் கேட்கும். காகிதமா இது என்று இருக்கும். புழுங்கலரிசிக்கு வெயிலில் நடந்ததுதான் இந்த மணிக்கு உன் வீட்டு நிழலில் நடந்திருக்கிறது.

காகிதத்துக்குப் பதிலாக விதைகளைக் கோக்கலாமே என்று சிலர் கேட்பீர்கள். கோக்கலாம். ஆனால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசப் போகிறேன். குன்றிமணியைத் தொடவே தொடாதே. விநாயகர் சதுர்த்திக்கு வாங்கும் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பார்களே, சிவப்பாக, முனை மட்டும் கறுப்பாக, அதுதான். பார்க்க அத்தனை அழகு. உள்ளே அப்ரின் என்ற கொடிய நஞ்சு. கெட்டியான தோல் மூடியிருக்கும்வரை நஞ்சு உள்ளேயே கிடக்கும். கோப்பதற்காகத் துளை போட்டால் கதவைத் திறந்துவிட்டது போலாகும். துளைக்கும் ஊசி விரலில் குத்தினாலே ஆபத்து. குழந்தை ஒரு மணியைக் கடித்து மென்றாலும் உயிருக்கே மோசம். வீட்டில் தவழும் தம்பியோ தங்கையோ இருந்தால் பூஜை முடிந்ததும் பிள்ளையார் கண்ணைப் பெரியவர்களிடம் சொல்லிப் பத்திரமாக எடுத்து வைக்கச் சொல். இதை உன் நண்பர்கள் எல்லோரிடமும் சொல்ல வேண்டும். சொல்வாய்தானே?

நந்திவரம் ஏரிக்கரைக் களிமண்ணிலும் மணி உருட்டலாம். வெயிலில் காயவைத்தால் தண்ணீர் போய்க் கெட்டிப்படும். ஆனால் மறுபடி தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். சூளையில் வைத்து 600 டிகிரிக்கு மேல் சுட்டால்தான் களிமண்ணின் உள்ளமைப்போடு பிணைந்திருந்த தண்ணீரும் வெளியேறும். அது ஒருவழிப் பாதை. அப்புறம் எத்தனை மழையில் நனைந்தாலும் அது மண்ணாகத் திரும்பாது. நம் வீட்டு அடுப்பில் அது நடக்காது. சூளை வைத்திருக்கும் குயவரிடம் பணிவாகக் கேட்டால் பானைகளோடு உன் மணிகளையும் வைத்துச் சுட்டுத் தருவார்.

இப்படி மணி செய்வதும் சோறாக்குவதும் நம் தமிழ்நாட்டுக்கு எவ்வளவு பழைய வேலை தெரியுமா? இதைச் சொல்லும்போது எனக்கே உடம்பு சிலிர்க்கிறது.

பழனிக்குப் பக்கத்தில் பொருந்தல் என்று ஓர் ஊர் இருக்கிறது. புதுவைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கா. ராஜனும் அவருடைய குழுவும் 2009, 2010ஆம் ஆண்டுகளில் அங்கே அகழாய்வு செய்தார்கள். கற்பலகைகளால் கட்டிய ஒரு பழைய கல்லறையைத் திறந்தார்கள். உள்ளே நாலு கால் வைத்த ஒரு மண் ஜாடி. அதற்குள் என்ன இருந்தது என்று நினைக்கிறாய்? ஏறக்குறைய 2 கிலோ நெல்! அதே கல்லறையில் ஆயிரக்கணக்கான மணிகளும் கிடந்தன. சிவந்த சூதுபவளம், படிகம், இன்னும் பல கல் மணிகள். பானை உருளாமல் நிறுத்தும் பிரிமனை ஒன்றில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் "வயிர" என்று கீறியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னப் படமும் இருந்தது. நூல் கோத்த ஒரு மணியின் படம்!

அந்த நெல்லின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? பயிர் உயிரோடு இருக்கும்வரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருக்கும். அதில் கார்பன்-14 என்ற தனி வகையும் துளி இருக்கும். அறுவடையானதும் வரவு நின்றுவிடும். உள்ளே இருக்கும் கார்பன்-14 மட்டும் மெதுவாகக் குறையத் தொடங்கும். பாதியாகக் குறைய 5,730 ஆண்டு ஆகும். பொருந்தல் நெல்லில் அது ஏறக்குறைய நாலில் மூன்று பங்குதான் மிச்சமிருந்தது. கணக்குப் போட்டால் கி.மு. 490 வாக்கில் அறுத்த நெல் என்று விடை வந்தது. ஏறக்குறைய 2,500 வருஷம்! இறந்தவருக்குத் துணையாக அந்த ஊர்க்காரர்கள் வைத்தனுப்பிய பொருள்களில் நெல்லும் இருந்தது, மணியும் இருந்தது.

கல்லில் மணி செய்வது காகிதம் சுருட்டுவதைப் போன்ற லேசான வேலையில்லை. நொய்யல் ஆற்றங்கரையில், ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலில் அந்தத் தொழில் பெரிய அளவில் நடந்திருக்கிறது. கல்லைப் பிளந்து, தட்டிச் சரிசெய்து, தேய்த்து மெருகேற்றி, நடுவில் மெல்லிசாகத் துளையிட வேண்டும். பாதி முடித்த மணிகளும், துளையிடும்போது உடைந்த மணிகளும் அங்கே மண்ணுக்குள் கிடைத்திருக்கின்றன. உடைந்த அந்த மணிகளை நினைத்தால் எனக்கு அந்தக் கைவினைஞரின் பெருமூச்சு கேட்கிறது.

புதுச்சேரிக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் கண்ணாடி மணி. காய்ச்சிய கண்ணாடிக் குழம்பின் நடுவில் காற்றுப் பாதை வைத்து நீளமாக இழுப்பார்கள். உள்ளே துளையுள்ள மெல்லிய கண்ணாடிக் குழாய் வரும். அதைத் துணுக்குத் துணுக்காக நறுக்கி மறுபடி சூடுகாட்டினால் கூர் விளிம்புகள் மழுங்கி, மணிகள் தயார். இந்த மாதிரி மணிகள் கடல் தாண்டித் தென்கிழக்கு ஆசியா முழுக்கப் போயிருக்கின்றன. திருப்பதிக்குப் பக்கத்தில் பாப்பாநாயுடுபேட்டை என்ற ஊரில் இழுத்துச் செய்யும் இந்த முறை நம் காலம் வரை வந்திருக்கிறது.

இதையெல்லாம் கண்ணால் பார்க்க ஆசையாக இருக்கிறதா? ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவைக் கூப்பிட்டுக்கொண்டு கூடுவாஞ்சேரியில் கடற்கரை போகும் ரயிலில் ஏறு. எழும்பூரில் இறங்கினால் அரசு அருங்காட்சியகம் பக்கம்தான். 1851இல் தொடங்கியது. தாமிரபரணிக் கரை ஆதிச்சநல்லூரில் 1899 முதல் தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ தோண்டியெடுத்த பொருள்கள் பல அங்கேதான் சேர்ந்தன. இறந்தவர்களை வைத்துப் புதைத்த ஆதிச்சநல்லூர்த் தாழிகளுக்குள் நெல் உமியும் சிறுதானிய உமியும் இருந்ததாக அவர் எழுதி வைத்திருக்கிறார். தங்க நெற்றிப்பட்டம் கிடைத்த அதே இடத்தில் உமி! தங்கத்தைப் பொறுக்கிக்கொண்டு உமியை ஊதிவிடாமல் குறித்து வைத்தாரே, அதைச் சொல்.

கோக்கும் வேலை மிச்சமிருக்கிறது. தூண்டில் போடும் நைலான் நரம்பு ஒன்றரை முழம் எடுத்துக்கொள். பருத்தி நூலும் ஆகும், ஆனால் வியர்வையில் நைந்துவிடும். ஒரு முனையில் செல்லோ டேப் ஒட்டிக்கொள், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் கோத்தது அந்தப் பக்கம் கொட்டிவிடும். 2 செ.மீ. மணி 22 கோத்தால் 44 செ.மீ., உன் கழுத்துக்குச் சரியாக இருக்கும். தலை வழியாகப் போட வசதியாக இன்னும் ஏழெட்டு மணி சேர்க்கலாம். நைலான் வழுக்கும் என்பதால் ஒரு முடிச்சு நிற்காது. மூன்று முடிச்சுப் போட்டு, மிச்ச நுனியைப் பக்கத்து மணியின் துளைக்குள் செருகிவிடு. கோயில் வாசலிலும் பேருந்து நிலையத்திலும் நரிக்குறவ அக்காக்கள் பாசிமணி கோப்பதைக் கண்டால் கொஞ்ச நேரம் நின்று பார். ஊசியைப் பார்க்காமலேயே கோப்பார்கள். முடிச்சை எப்படி மறைக்கிறீர்கள் என்று கேட்டால் காட்டித் தருவார்கள். கேட்டுவிட்டுச் சும்மா வராதே, ஒரு மாலை வாங்கிக்கொள்.

தம்பிகளே, இது தங்கைகளுக்கு மட்டுமான வேலை என்று நழுவ வேண்டாம். கொடுமணலில் கல் துளைத்தவர்களின் கைக்கு என்ன வலு வேண்டியிருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பைக்குத் தொங்கல், சாவிக்கொத்து, சைக்கிள் ஹேண்டில்பாருக்குக் குஞ்சம், எது வேண்டுமானாலும் கோக்கலாம்.

ஒரு விஷயம் பாக்கி. ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்து மழை எப்படி என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. மாலை நனைந்தால் தண்ணீர் மறுபடி உள்ளே போகும். பசை இளகும். மணி பிரிந்துவிடும். அதனால் உலர்ந்த மணிகளின் மேல் நிறமில்லாத நெயில் பாலிஷ் இரண்டு பூச்சுப் பூசு. காற்றோட்டமான இடத்தில் வைத்துப் பூசு, அதன் நெடி மண்டைக்கு ஏறும்.

பூசும்போது மூன்று மணிகளை மட்டும் தனியே எடுத்து வை. ஒன்றுக்குப் பூச்சே வேண்டாம். இன்னொன்றுக்கு நெயில் பாலிஷ். மூன்றாவதுக்கு உருக்கிய மெழுகு, அதை அம்மா ஊற்றித் தரட்டும். மூன்று டம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொன்றிலும் ஒன்றாக ராத்திரி போட்டு வை. எது பிரியும், எது தாங்கும், துளை வழியாகத் தண்ணீர் நுழையுமா நுழையாதா? ஊகத்தை முதலில் எழுதிவிட்டுப் படு. காலையில் பல் துலக்கும் முன்பே போய்ப் பார்த்துவிடு.